ஒற்றைப்படை அரிசி: பெரிய எண்களோடு மல்லுக்கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "சார், சதுரங்கப் பலகை எண் ஒரு முழு வர்க்கம் சார். புரோகிராமே சொல்லுது" என்றான். முகமெல்லாம் பெருமை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே எண்ணை வைத்து, இதே பெருமையோடு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எண் உங்களுக்கும் தெரிந்ததுதான். பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. இப்படியே 64 கட்டமும் வைத்தால் மொத்தம் எத்தனை அரிசி? கேரளத்து அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்லும் கதை இது. விடை 2⁶⁴ − 1. விரித்து எழுதினால் 18446744073709551615. இருபது இலக்கம். எங்கள் வகுப்பில் இதற்கு அரிசி எண் என்றே பெயர்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பகாக் காரணிகள், வகுத்திகளின் எண்ணிக்கை, அவற்றின் கூட்டுத்தொகை, மீதிக் கணக்கு என்று ஒரு மாதம் பாடம் நடத்தலாம். நடத்துகிறேன். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் செய்கிற தவறுகள் பழையவை, பெரும்பாலும் என்னுடையவை. 1-ஐப் பகா எண்ணில் சேர்ப்பது, ஒற்றைப்படை என்றாலே பகா எண் என்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை இரண்டாவது வாரத்தில் தாமாகச் சரியாகிவிடும்.

எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வகுக்க உட்காருவது

இருபது இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதியதும் எல்லோரும் 3-ஆல் வகு, 7-ஆல் வகு என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. 2⁶⁴ − 1 என்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். a² − b² = (a + b)(a − b) என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே அப்படியே உட்காருகிறது.

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இதில் இரண்டாவது அடைப்புக்குறி மறுபடி அதே வடிவம். உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது இது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. முதல் ஐந்தும் பகா எண்கள். 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வடிவத்தில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள்தான் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். ஆறாவதான 4294967297-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 641 × 6700417.

641 என்று எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விழுந்துவிடுகிறது. வகுத்துப் பார்க்காமல் நிரூபிக்கவும் வழி உண்டு. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-இன் மீதி −2⁴. அதை உள்ளே போட்டால் −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³² + 1-இன் மீதி பூஜ்யம். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும்.

கணினியில் தெரிவது நீங்கள் கொடுத்த எண்தான் என்று நம்புவது

இனி என் கதை.

அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கணக்குப் புதிர்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம் போட்டோம். 32 பக்கம், 600 பிரதி. நடுப்பக்கம் முழுக்க அரிசி எண். பழைய நோட்டில் இருந்த இருபது இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஸ்ப்ரெட்ஷீட்டில் தட்டினேன். எண் 1.84467 என்று சுருங்கி, பக்கத்தில் ஏதோ அடுக்குக் குறியோடு நின்றது. அமைப்பை மாற்றி முழு எண்ணாகக் காட்டச் சொன்னேன். காட்டியது:

18446744073709500000

இரவு பதினொரு மணி. கடைசியில் ஐந்து பூஜ்யம் வரிசையாக நிற்பது கண்ணில் பட்டது. உறுத்தவில்லை, சொல்லப்போனால் எண் அழகாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கணக்கு வாத்தியார் இல்லையா, சரிபார்க்காமல் விடுவேனா? இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். நோட்டில் இருந்த எண்ணுக்கு 87, அதாவது 15, அதாவது 6. திரையில் இருந்ததற்கு 69, அதாவது 15, அதாவது 6. பொருந்திவிட்டது! நிம்மதியாகப் படுக்கப் போனேன்.

பொருந்தியதற்குக் காரணம், காணாமல் போன கடைசி ஐந்து இலக்கங்கள் 5, 1, 6, 1, 5. கூட்டினால் 18. ஒன்பதின் மடங்கு என்பதால் ஒன்பதுச் சோதனையில் அது போனதே தெரியாது. இருக்கிற எண்களில் இதற்குத்தான் இந்தத் தற்செயல் அமைய வேண்டுமா என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு. பதினொன்றுச் சோதனை போட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் சரியான எண்ணுக்கு மீதி 4, திரையில் இருந்ததற்கு மீதி 1. போடவில்லை.

புத்தகத்தில் கேள்வி இப்படி அச்சானது: "அரிசி எண் 2-ஆல் எத்தனை முறை மீதியின்றி வகுபடும்? 5-ஆல் எத்தனை முறை?" பின்பக்கத்தில் விடை: 5 முறை, 6 முறை. பூஜ்யம் ஐந்து இருக்கிறது, அதற்கு முன் இன்னொரு 5 இருக்கிறது, அழகாகச் சொல்லிவிடலாம்.

விழா நடக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தோடு வந்தான். ஒல்லியாக, சட்டை வெளியே தொங்கிக்கொண்டு. "சார், முதல் கட்டத்துல ஒரே ஒரு அரிசிதானே? மத்த கட்டமெல்லாம் ரெட்டைப்படை. அப்போ மொத்தம் எப்படி சார் ரெட்டைப்படையா வரும்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் இருபது இலக்கத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. முதல் கட்டத்தில் இருந்த அந்த ஓர் அரிசியை மட்டும் பார்த்தான். 600 பிரதியிலும் நடுத்தாளைப் பிரித்து, புதிதாக அச்சிட்டு, மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. அச்சகத்துக்கு என் பையிலிருந்துதான் கொடுத்தேன். எவ்வளவு என்று வீட்டில் இதுவரை சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஸ்ப்ரெட்ஷீட்டும் பல நிரல்மொழிகளின் சாதாரண எண் வகையும் எண்ணைப் புள்ளி எண்ணாகத்தான் வைத்துக்கொள்கின்றன. அதில் முக்கியமான இலக்கங்களுக்கு இருக்கிற இடம் 53 பிட், அதாவது 53 இரும இலக்கம் மட்டுமே. 2⁵³, அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்ணுக்கும் அங்கே இடம் உண்டு. அதைத் தாண்டினால் ஒன்றுவிட்டு ஒன்று, அப்புறம் நான்குக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. ஊரைத் தாண்டிவிட்டால் நிறுத்தங்கள் தள்ளித் தள்ளித்தான் வரும். நம் வீட்டு வாசலில் நிற்காது, பக்கத்தில் எந்த நிறுத்தம் இருக்கிறதோ அங்கே இறக்கிவிடும்.

அரிசி எண் பக்கம் வரும்போது அந்த இடைவெளி 2048. ஒரு நிறுத்தம் 18446744073709549568. அடுத்த நிறுத்தம் 18446744073709551616, அதாவது 2⁶⁴. நம் எண் இதற்கு ஒன்றே ஒன்று குறைவு. ஆகவே கணினி அதை 2⁶⁴-இல் இறக்கிவிடுகிறது. நடந்திருக்கும் விபரீதத்தைப் பாருங்கள். ஏழு வேறு வேறு பகாக் காரணி உள்ள எண்ணை உள்ளே அனுப்பினோம். உள்ளே போய் உட்கார்ந்திருப்பது 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத எண். ஒரு எச்சரிக்கை கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு கூத்தும் உண்டு. தட்டச்சு செய்யும் எண்ணில் முதல் 15 இலக்கத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அதனால்தான் எனக்கு ...09500000 வந்தது. அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் 2^64-1 என்று சூத்திரமாகக் கொடுத்தால் ...09600000 என்று காட்டும், ஏனென்றால் இப்போது அது காட்டும்போது முழுமையாக்குகிறது. ஒரே எண், அடுத்தடுத்த கட்டம், இரண்டு விடை, இரண்டும் தப்பு. அன்றைக்கு இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன்.

எண்ணை எழுத்தாகச் சேமித்தால் இலக்கங்கள் அப்படியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மேல் ஒரு கூட்டல் போட்டாலும் போதும், பழையபடி ஆகிவிடும். அதைவிட மோசம், பெரிய எண்கள் நிறைந்த சாதாரண உரைக் கோப்பை ஸ்ப்ரெட்ஷீட்டில் சும்மா திறந்து பார்த்துவிட்டுச் சேமிப்பது. கோப்பில் இருந்த இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். ஒரு மாணவி இரண்டு வாரம் ஓடவிட்டுச் சேர்த்த பட்டியலை இப்படித்தான் இழந்தாள்.

சரி, பைத்தான் மாதிரி மொழிகளில் முழு எண்ணுக்கு வரம்பே இல்லையே, அங்கே பயமில்லை அல்லவா? இங்கேதான் பிள்ளைகள் நல்லாவே மாட்டுகிறார்கள். முழு எண்ணுக்கு வரம்பில்லை, சரிதான். ஆனால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்த மறுகணம் விடை புள்ளி எண்ணாகிவிடும். அரிசி எண்ணை 3-ஆல் வகுத்தால் வர வேண்டியது 6148914691236517205. ஒற்றைச் சாய்கோடு போட்டு, முழு எண்ணாக மாற்றிப் பார்த்தால் 6148914691236516864. 341 குறைகிறது. இந்தத் தவறான ஈவை அடுத்த காரணிக்கு எடுத்துக்கொண்டு போனால் அதன் பிறகு வருவது எல்லாமே குப்பை. இரட்டைச் சாய்கோடு போட வேண்டும். ஒரு விசைதான் வித்தியாசம்.

வகுப்புக்கு வந்த பையனின் முழு வர்க்கமும் இதே வியாதிதான். வர்க்கமூலம் கேட்டிருக்கிறான். எண் உள்ளே போகும்போதே 2⁶⁴ ஆகிவிட்டது. அதன் மூலம் 4294967296, பிசிறில்லாத முழு எண். முழு எண்ணாக வந்ததால் முழு வர்க்கம் என்று முடிவு கட்டிவிட்டது நிரல். உண்மையில் 4294967296-இன் வர்க்கம் அரிசி எண்ணைவிட ஒன்று அதிகம். அடுத்தடுத்த இரண்டு பெரிய எண்கள் ஒருபோதும் இரண்டுமே வர்க்கமாக இருக்க முடியாது. பைத்தானில் 3.8 பதிப்பிலிருந்து முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனிச் செயற்கூறு இருக்கிறது. அதைக் கேட்டால் ஒழுங்காக 4294967295 என்று சொல்லும்.

நான் அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "5-இல் முடியும் எண்ணின் வர்க்கம் எதில் முடியும்?" என்று மட்டும் கேட்டேன். "25 சார்" என்றான். திரையைப் பார்த்தான். எண் 15-இல் முடிந்திருந்தது. ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனான்.

சி மொழிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குறியில்லாத 64 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண்ணே நம் அரிசி எண்தான். இரும எண்ணாக எழுதினால் 64 ஒன்றுகள். அதோடு 1 கூட்டினால் பூஜ்யம். அதே 64 பிட்டைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் −1. கோடானு கோடி அரிசி ஒரு அரிசிக் கடனாக மாறிவிடும்.

புது இடத்தில் புதுக் கருவியோடு உட்காரும்போது நான் செய்யும் முதல் வேலை 9007199254740993 என்று தட்டிப் பார்ப்பது. திரும்பி வரும்போது கடைசி இலக்கம் 3-ஆக இல்லாமல் 2-ஆகவோ 0-ஆகவோ இருந்தால் எழுந்து போய்விடுவேன்.

மீதி நின்றதைப் பகா எண் என்று கட்டம் கட்டுவது

ஒரு மாணவி 1000 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டு விடை எழுதியிருந்தாள்: 3, 5, 17, 257, 641, அப்புறம் 439125228929. கடைசி எண்ணைச் சுற்றி அழகாக ஒரு கட்டம்.

அது பகா எண் அல்ல. 65537 × 6700417. மீதி நிற்கும் எண்ணின் வர்க்கமூலம் வரை தேடாமல் கட்டம் கட்டக் கூடாது. இங்கே அது 662665. அவள் ஆயிரத்தில் நிறுத்திவிட்டாள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இன்னொருவன் முதலில் இருந்த இருபது இலக்க எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 429 கோடி வரை சுற்றை ஓடவிட்டு, கணினியை ராத்திரி முழுக்க விசிறிச் சத்தத்தோடு வைத்திருந்தான். ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் எண் சுருங்குகிறது, எல்லையும் கூடவே சுருங்க வேண்டும். 65537-ஐ எடுத்த பிறகு நிற்பது 6700417. அதன் மூலம் 2588. அதை எப்போதோ தாண்டியாயிற்று. அந்த நொடியே நிறுத்திவிடலாம்.

2-ஐ வைத்து ஒரே ஒரு சோதனை

p பகா எண்ணாக இருந்தால் 2-ஐ p − 1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுக்க மீதி 1 வரும் (p = 2 நீங்கலாக). ஃபெர்மாவின் சிறு தேற்றம். இதைத் தலைகீழாகப் படித்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். மேலே பார்த்த 341 இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் அது 11 × 31. 561 இன்னும் பொல்லாதது. தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தேறும், ஆனால் அது 3 × 11 × 17.

நம் 4294967297-உம் 2-ஐ வைத்துச் சோதித்தால் தேறிவிடுகிறது. ஃபெர்மாவின் வடிவத்தில் வரும் எண்கள் எல்லாமே தேறும், பகா எண்ணோ இல்லையோ. அதாவது இந்த வகை எண்ணுக்கு அந்தச் சோதனை போடுவதும் போடாததும் ஒன்றுதான். 3-ஐ வைத்துப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

அடுக்கை மறப்பது

அரிசி எண்ணோடு பழகியவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் வரும். அதில் ஏழு பகாக் காரணிகளும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷ = 128. வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு காரணியோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும், 31421980989189888768. அரிசி எண்ணுக்குள் அடங்கி, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதற்கு ஒவ்வொன்றிலும் 1 கழித்துப் பெருக்கினால் 9208981628670443520. எல்லாம் சுலபம். அந்தச் சுலபமே ஆபத்து.

அடுத்த வாரம் 293318625600 என்ற எண்ணைக் கொடுப்பேன். பகாக் காரணிகள் எட்டு, ஆகவே வகுத்திகள் 2⁸ = 256 என்று பாதி வகுப்பு எழுதும். எண் உண்மையில் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. கூட்டுத்தொகையிலும் அப்படித்தான். 2⁶-க்கு 2 + 1 அல்ல, 1 + 2 + 4 என்று 64 வரை போய் 127. 24-ஐ 4 × 6 என்று பிரித்து, தனித்தனியாகக் கூட்டுத்தொகை கண்டு பெருக்குகிறவர்களும் உண்டு. பிரிக்கும் துண்டுகளுக்கு இடையே பொதுக் காரணி இருக்கக் கூடாது. 4-க்கு 7, 6-க்கு 12, பெருக்கினால் 84. சரியான விடை 60.

இந்த 293318625600-ஐ நான் சும்மா பொறுக்கவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். அதில் 6746328388800 வரை அப்படிப்பட்ட எண்களின் பட்டியல் இருக்கிறது, எல்லாம் கையால் போட்டது. பட்டியலில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. அது இந்த எண்தான். இதை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் கடைசி எண் என்பது இன்னொரு வேடிக்கை. பிள்ளைகள் விடையைத் தப்பாக எழுதி முகம் வாடும்போது இந்தக் கதையைச் சொல்வேன். முகம் கொஞ்சம் தேறும்.

பகு எண் என்று தெரிந்தால் காரணி தெரிந்துவிட்டதாக நினைப்பது

இரண்டும் வேறு. அரிசி எண்ணுக்கு மூன்றே அடுக்கு மேலே 2⁶⁷ − 1 இருக்கிறது. 1644-இல் மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூக்கா இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணியைக்கூடச் சொல்ல முடியவில்லை. 1903-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை முன்வைத்தார்: 193707721 × 761838257287. வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். இடையில் 27 வருடம்.

64-க்கு மேல் மூன்றுதானே, அதே மாதிரி உடைத்துவிடலாம் என்று உட்காருவார்கள். 64 இரண்டாக உடைந்துகொண்டே போகிறது, அதனால் நம் வித்தை பலித்தது. 67 பகா எண், எங்கே பிடித்து உடைப்பது? எண்ணின் பருமனுக்கும் அதன் கடினத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை.

2-இன் அடுக்காக 2²⁰-ஐப் போட்டு 1 கூட்டினால் 315653 இலக்கம் கொண்ட ஓர் எண் வரும். அது பகு எண் என்பது நிரூபணமாகிவிட்டது. காரணி ஒன்றுகூட இதுவரை யாரிடமும் சிக்கவில்லை.

காற்புள்ளி

நம் முறைப்படி 1,84,46,74,40,73,70,95,51,615. மற்ற முறைப்படி 18,446,744,073,709,551,615. ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். கணினிக்குள் எதுவுமே வேண்டாம்.

விடை வந்ததும் மூடி வைப்பது

காரணிகளைத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் அல்ல.